குசினிப் பக்கத்து அறை

“பங்களாவுல நீ குடியிருந்தா, அத யாரும்மா கூட்டுறது?”

அப்பா கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். ஈப்போவில் விற்பனைக்கு வந்திருந்த ஒரு பழைய வீட்டின் படத்தைக் கைப்பேசியில் அவருக்குக் காட்டியிருந்தேன். மாடி இல்லாத வீடு, நாலு பக்கமும் காலியிடம், முன்னால் கார் நிறுத்தக் கூரை. படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கைப்பேசியை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த பங்களா ஒன்றே ஒன்றுதான். தாப்பாவுக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் மேட்டின் மேல் நின்ற துரை பங்களா. காலையில் பால்மரம் வெட்டி முடித்தபின் அப்பா அங்கே புல் வெட்டப் போவார். நான் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறிவிட்டது, நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். பங்களா என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

அந்த மாதங்களில் யார் என்ன கேட்டாலும் அது எனக்கு அடுத்த வீட்டில் நடக்கும் பேச்சு மாதிரித்தான் கேட்டது. சர்க்கரை வியாதியால் அப்பாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். அம்மா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்தவள் நான் ஒருத்திதான் என்பதால், காலை எடுக்கச் சம்மதம் என்ற தாளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். பேனாவை மூடி வைத்தபோது எதுவும் தோன்றவில்லை. பிறகு தோன்றும் என்று நினைத்தேன். தோன்றவில்லை.

ஈப்போவின் சிலிபின் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருப்பது நாலாவது மாடி. மின்தூக்கி கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாட்களில் லாரி ஓட்டும் பக்கத்து வீட்டு லாரி அண்ணனும் அவருடைய கூட்டாளியும் அப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்குவார்கள். மற்ற நாட்களில் அப்பா இறங்குவதில்லை. குளியலறைக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையாததால் கதவைக் கழற்றிவிட்டுத் திரை போட்டிருந்தோம். திரைக்கு வெளியே நான் நிற்பேன், இல்லையென்றால் லாரி அண்ணன் நிற்பார். அப்பா உள்ளே இருந்துகொண்டு காரணமில்லாமல் இருமுவார். அதன் பிறகு தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். டாக்டர் திட்டினார், அப்பா தலையாட்டினார்.

அப்போதுதான் சித்தியவான் பேச்சு வந்தது. அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் மாதக் கடைசியில் ஓர் இடம் காலியாகப்போகிறது என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொல்ல, அப்பா என்னைக் கேட்காமலே சரி என்று பெயர் கொடுத்துவிட்டார்.

“அங்க போனா ஒனக்கும் செனாங், எனக்கும் செனாங்” என்றார். செனாங் என்றால் எங்கள் பேச்சில் தொல்லையில்லாதது, சுலபமானது. நான் வீடு தேடத் தொடங்கியது அன்றைக்குத்தான். மாதக் கடைசிக்குள் படியில்லாத ஒரு வீடு, அவர் வருகிறேன் என்று சொல்லும் ஒரு வீடு, கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அவர் போய்விடுவார். இது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வீடு பார்ப்பது என் தொழில். ஈப்போவில் வீடுகளை மதிப்பிடும் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். யாராவது வீடு வாங்கக் கடன் கேட்டால், அந்த வீடு அந்த விலை பெறுமா என்று போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவோம். எத்தனையோ பேருடைய வீடுகளின் சுவரைத் தட்டிப் பார்த்திருக்கிறேன். எனக்கென்று பார்க்கும்போது முதலில் வரிசை வீடுகளைத்தான் பார்த்தேன். குளியலறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது, அல்லது சமையலறை வழியே திரும்பும் இடத்தில் நாற்காலி சிக்கும்படி இருந்தது. பட்டியலில் பங்களா என்ற சொல் வந்த இடத்தில் என் விரல் நின்றது. அதற்குக் காரணம் அப்பாவின் கால் மட்டுமல்ல. பங்களா வாங்கினாள் என்று நாலு பேர் சொல்லட்டும் என்றும் எனக்கு இருந்தது. இருந்தது என்றால், அப்படி ஒரு ஆசை என்னிடம் உண்டு என்று எனக்கு ஞாபகம் இருந்தது.

விற்றுக்கொடுக்கும் ஏஜெண்டு வேலை விஷயமாக எனக்கு ஏற்கெனவே பழக்கமானவர். ஈப்போவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்தின் மூத்த பிள்ளை. எல்லோருக்கும் அவர் நானா.

“தங்கச்சி, இன்னைக்கு வெல போட வந்தியா, வாங்க வந்தியா?”

“ரெண்டுக்கும், நானா.”

“அப்ப சுசா லா, கஷ்டம். டாக்டருக்கு ஊசி போடுற மாதிரி ஆயிரும்.”

வீட்டுக்காரர் இறந்துவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். நிலம் குத்தகை நிலம், குத்தகை முடிய இன்னும் அதிக வருடங்கள் இல்லை. அதனால் பேங்குகள் தயங்கும், அதனால் விலையும் குறைவு, நல்ல வரிசை வீட்டின் விலைக்கே வந்திருந்தது. இதையெல்லாம் நானா மறைக்காமல் சொன்னார். மறைத்தாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

அவர் முன்கதவைத் திறக்கப் போனார். நான் பக்கவாட்டில் நடந்து பின்பக்கம் போனேன். பழைய வீட்டை நான் எப்போதும் பின்னாலிருந்துதான் பார்க்கத் தொடங்குவேன். விற்பதற்கு முன் முன்பக்கத்துக்கு எல்லோரும் சாயம் அடிப்பார்கள். பின்பக்கத்துக்கு யாரும் அடிப்பதில்லை.

பின்னால் கால்வாய் அடைப்பில்லாமல் ஓடியது. துணி துவைக்கும் சிமெண்டுத் தரை, சமையலறைக் கதவு, அதை ஒட்டி ஒரு சின்ன அறை, அதற்குள் குளியலறை. கதவு நிலைகளைச் சாவியால் தட்டிப் பார்த்தேன். கரையான் தின்ற நிலை பொத்தென்று சத்தம் கொடுக்கும். ஒன்றுதான் அப்படி, மற்றவை கெட்டி. கூரைக்கடியில் இரண்டு இடத்தில் மழைநீர்க் கறை. ஈப்போவில் பழைய ஈயச் சுரங்க மண்ணின் மேல் கட்டிய வீடுகள் உண்டு, அவற்றில் சுவர் படிக்கட்டு வடிவில் வெடித்திருக்கும். இங்கே மயிரிழை வெடிப்புகள் மட்டும். கூடத்தின் மொசைக் தரையில் ஒரு கோலியை வைத்தேன். வைத்த இடத்திலேயே நின்றது. சுவரில் சாமி மேடை இருந்த இடம் ஊதுபத்திப் புகையால் கறுத்து, ஆணி ஓட்டைகளோடு தெரிந்தது. ஜன்னல்கள் பழைய கண்ணாடிப் பட்டைகள், அவற்றின் வழியாகப் பார்த்தால் வீடுகளின் கூரைக்கு மேல் சுண்ணாம்புமலை. முன்வாசலில் மூன்று படிகள். பெரிய அறையின் குளியலறைக்குள் போக உயரமான திட்டு. திட்டை உடைக்கலாம், படிக்குச் சரிவு போடலாம். எல்லாவற்றையும் கைப்பேசியில் குறித்துக்கொண்டேன்.

நல்ல வீடு. “நல்ல வீடு” என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். வேறு யாருடைய வீட்டுக்கோ அறிக்கை எழுதுவது போல இருந்தது.

வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி வேலிக்கு அந்தப்பக்கம் நின்றார். வீடு கழுவ வந்தாயா என்று மலாயில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நானா முந்திக்கொண்டு, இனி இவர்தான் தவுக்கே, வீட்டுக்கு முதலாளி என்றார். ஆண்ட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. சரி, அப்படியென்றால் உன் மாமரத்து இலையெல்லாம் என் பக்கம்தான் விழுகிறது, வந்து கூட்டு என்றார்.

“பாத்தியா, வாங்குறதுக்கு முன்னயே வேல வந்துருச்சி” என்று நானா சிரித்தார். மற்ற நாளாக இருந்தால் எனக்கு ஆண்ட்டியின் அந்தக் கேள்வி ஒரு வாரத்துக்குக் குத்தியிருக்கும். அன்று, இலை உண்மையாகவே நிறைய இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன்.

அப்பாவை ஒருமுறை வந்து பார்க்கச் சொன்னேன். “சித்தியவானுக்குப் போறதுக்கு முன்ன கொஞ்சம் காத்து வாங்கிட்டு வாரேன்” என்றார். அவ்வளவுக்குத்தான் சம்மதம்.

ஞாயிற்றுக்கிழமை லாரி அண்ணனும் கூட்டாளியும் அவரை இறக்கினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நாற்காலியைக் கீழே வைத்து மூச்சு வாங்கினார்கள்.

“என்னா மாமா, காலு ஒண்ணு கொறஞ்சும் கனம் கொறையலயே?” என்றார் லாரி அண்ணன்.

“உங்கம்மா அனுப்புற சோறு லா அது. கொறைக்கச் சொல்லு.”

“சொன்னா எனக்கும் சேத்து நிப்பாட்டிரும். தின்னுங்க, தின்னுங்க.”

லாரி அண்ணன் எங்களோடு காரில் வந்தார். வீட்டு வாசலில் நானா காத்திருந்தார். சக்கர நாற்காலியை விரித்து அப்பாவை உட்காரவைக்கும் வேலையை லாரி அண்ணனிடம் விட்டுவிட்டு, முன்படியில் எப்படித் தூக்குவது என்று நான் நானாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது காரருகே யாரும் இல்லை.

பக்கவாட்டில் ஓடினேன். மாமரத்து வேர் சிமெண்டுப் பாதையைத் தூக்கியிருந்தது, அதில் சக்கரத் தடம் வளைந்து போயிருந்தது. அப்பா பின்னால், சமையலறைக் கதவுக்கு வெளியே, கால்வாயை ஒட்டிய நிழலில் இருந்தார். செருப்பைக் கழற்றியிருந்தார். அந்த ஒற்றைச் செருப்பு சுவரோரமாக, யார் காலிலும் தடுக்காதபடி வைக்கப்பட்டிருந்தது.

“மாமாதான் பின்னால போகச் சொன்னாரு” என்றார் லாரி அண்ணன், என் முகத்தைப் பார்த்து.

“ஏன்பா இங்க வந்தீங்க? முன்னால வாங்க.”

“இங்க நல்லாருக்கும்மா. நெழலா இருக்கு. நீ உள்ள போயி பாத்துட்டு வா, நான் இருக்கேன்.”

பின்னாலேயே வந்துவிட்ட நானா, “பெரியவரே, வாங்குறவங்க முன்வாசல்ல வரணும் லா” என்றார்.

“நான் வாங்கலயே தம்பி. எம்பொண்ணுதான வாங்குது.”

துரை பங்களாவில் தோட்டத்து ஆட்கள் யாரும் முன்படி ஏறியதில்லை. ஏறக்கூடாது என்று யாரும் எழுதிப் போட்டிருக்கவில்லை. தீபாவளிக்கு மாலையோடு போனாலும் துரை படியில் நிற்பார், நாங்கள் புல்லில் நிற்போம். மற்ற நாளில் எதற்குப் போனாலும் பின்னாலிருந்த குசினி, அதாவது சமையலறைப் பக்கம்தான். நான் பரீட்சையில் நல்ல புள்ளி வாங்கிய வருடம் துரையின் மனைவி என்னைப் பார்க்க வேண்டும் என்றாராம். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு என்னை அழைத்துப் போனார், செருப்பைக் கழற்றச் சொல்லிக் குசினிக் கதவுக்கு வெளியே நிற்க வைத்தார். கதவு திறந்து ஒரு கை பென்சில் பெட்டியை நீட்டியது. சமையல்காரரின் கை. நாங்கள் திரும்பிவிட்டோம். அந்தப் பெட்டி வெகுநாள் என்னிடம் இருந்தது. ஆனால் அதன் பிறகு நான் யார் வீட்டுப் பின்வாசலிலும் போய் நின்றதில்லை, வேலைக்காகப் போவதைத் தவிர.

குனிந்து அந்தச் செருப்பை எடுத்து அப்பாவின் காலில் மாட்டினேன். நானே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மாமரத்து வேரைச் சுற்றி முன்பக்கம் வந்தேன். “எதுக்கும்மா, வேணாம்மா” என்று அப்பா வழியெல்லாம் சொன்னார். லாரி அண்ணன் ஒரு பக்கம், நானா ஒரு பக்கம், நான் பின்னால். மூன்று படி. நானாவின் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து விழுந்தது.

கூடத்தின் நடுவில் நாற்காலியை நிறுத்தினோம். அப்பா மறுபடியும் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சுற்றிலும் பார்த்தார், கறுத்த சுவரை, ஜன்னலை, தரையை. நான் காத்திருந்தேன். எதற்குக் காத்திருந்தேன் என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. அவர் ஏதாவது சொல்வார், அதைக் கேட்டதும் எனக்குள் உறைந்துபோன ஏதோ ஒன்று அசையும் என்று நினைத்திருக்கலாம்.

“கக்கூசு எங்கம்மா?” என்றார்.

பெரிய அறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். திட்டு இடித்தது. முன்சக்கரத்தைத் தூக்கினால் பின்சக்கரம் கதவில் சிக்கியது. “அவசரமா மாமா?” என்று லாரி அண்ணன் கேட்டார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

“பின்னால மேய்ட் ரூம்ல ஒண்ணு இருக்கு” என்றார் நானா. “படி கெடையாது. வீட்டுக்காரரோட அம்மாவுக்கு வயசான காலத்துல ஒக்கார்ற கக்கூசு மாத்தி, பிடிச்சுக்கக் கம்பியெல்லாம் போட்டுக் குடுத்தாங்க.”

அந்தக் கம்பியை நான் முதல் நாளே பார்த்திருந்தேன். “பின் குளியலறை, பயன்படுத்தலாம்” என்று குறித்தும் வைத்திருந்தேன். அது அப்பாவுக்கு உதவும் என்றுதான் யோசிக்கவில்லை. வேலைக்காரர் அறை என்பதால் அந்த இடம் என் கணக்கிலேயே வரவில்லை.

சமையலறையைத் தாண்டிப் போனோம். கதவில் அப்பாவின் விரல் முட்டி உரசியது, ஆனால் நாற்காலி போய்விட்டது. அறைக்குள் திரும்ப இடமிருந்தது. குளியலறை வாசலில் அப்பா என் கையை விலக்கினார். சக்கரத்தைத் தானே தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடியது. பிறகு உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

நாங்கள் மூவரும் வெளியே துவைக்கும் தரையில் நின்றோம். இருமல் சத்தமே வரவில்லை. வெகுநேரம் கழித்து லாரி அண்ணன் பொறுக்க முடியாமல் கேட்டார்.

“மாமா, தூங்கிட்டீங்களா?”

“பொறுடா. என்னா அவசரம் ஒனக்கு?”

குழாயில் தண்ணீர் ஓடியது. நின்றது. மறுபடியும் ஓடியது. முகம் கழுவுகிறார் போலிருந்தது. நாலாவது மாடியில் அவர் ஒருநாளும் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. நான் சுவரில் சாய்ந்து கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழவில்லை. அழவேண்டிய இடம் இது என்று மட்டும் தெரிந்தது.

தலைமுடி ஈரமாக வெளியே வந்தார்.

“இந்த ரூம்ப எனக்குக் குடுத்துடு” என்றார்.

“அது வேலக்காரங்க ரூம்புப்பா.”

“வேலக்காரங்க எங்க? காணோமே?”

“இல்லப்பா, முன்னால பெரிய ரூம்பு இருக்கு. கக்கூச ஒடச்சி உங்களுக்கு ஏத்த மாதிரி செஞ்சிடலாம்.”

“செய்யி. அதுல நீ இரு. எனக்கு இது போதும். கதவு சாத்துதுல்ல.”

“யாராச்சும் வந்து பாத்தா என்னா நெனப்பாங்க? பங்களா வாங்கி அப்பாவக் குசினியில போட்டுட்டாளேன்னு—”

“கக்கூசுக்குள்ள வந்தா பாக்கப் போறாங்க?”

லாரி அண்ணன் சத்தமாகச் சிரித்தார். நானா சிரிக்காமல் பொத்தான் போன சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். என் நாக்கில் அடுத்த பதில் தயாராக இருந்தது. படித்தது இதற்கா, சம்பாதிப்பது இதற்கா, அந்தப் படியில் உங்களைத் தூக்கி ஏற்றியது மறுபடியும் கொண்டுவந்து இங்கே விடுவதற்கா. ஆனால் அவர் அதற்குள் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு அறையின் ஜன்னலுக்குப் போயிருந்தார். கண்ணாடிப் பட்டைகளைத் திறக்கும் பிடியை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார்.

“அப்ப சித்தியவான்?” என்று கேட்டேன்.

அவர் பிடியை இன்னொரு தடவை ஏற்றி இறக்கினார்.

“அங்க ஒரு கக்கூசத்தான் நாலஞ்சு பேரு பொழங்கணுமாம்” என்றார், ஜன்னலைப் பார்த்தபடியே. கொஞ்சம் பொறுத்து, “தண்ணி இருக்கா? தாகமா இருக்கு” என்றார். லாரி அண்ணன் காரிலிருந்து பாட்டிலை எடுத்துவந்து கொடுத்தார். அப்பா முழுவதையும் குடித்தார்.

வீடு இன்னும் எனக்குக் கிடைத்துவிடவில்லை. மறுநாள் நானாவிடம் முன்பணம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அதற்கும் எதுவும் தோன்றவில்லை. பேங்கு அனுப்பும் வேறொரு அலுவலகத்து ஆள் வந்து அந்த வீட்டை மதிப்பிடுவார். நான் செய்ததையெல்லாம் அவரும் செய்வார், சாவியால் நிலையைத் தட்டுவார், கறையைப் பார்ப்பார், குத்தகை வருடத்தைக் கழிப்பார். அவர் குறைத்துப் போட்டால் கடன் குறையும், மீதியை நான் எங்கே புரட்டுவது என்று தெரியாது. கொஞ்சம் பொறு, பேங்கு பதில் வரட்டும், அதுவரை சித்தியவான் இடத்தை விட்டுவிடாதே என்று நானா இரண்டு முறை சொன்னார். சரியான யோசனைதான். வேறு யாராவது கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்துக்குக் கீழே காருக்குள் உட்கார்ந்து சித்தியவானுக்குப் போன் செய்தேன். எடுத்த அம்மாளிடம் அப்பாவின் பெயரைச் சொல்லி, அவர் வரமாட்டார், பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். இப்போது எடுத்துவிட்டால் பிறகு வேண்டுமென்றால் கடைசியில்தான் நிற்கவேண்டும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார் அவர்.

யோசிக்க ஒன்றும் இல்லை, எடுத்துவிடுங்கள் என்றேன். அப்பாவின் பெயரை அடிக்கும் பேனா சத்தம் கேட்கும்வரை போனை வைக்கவில்லை.